எட்மண்ட் அல்பியஸ்

எட்மண்ட் அல்பியஸ் (1829 – ஆகஸ்ட் 9, 1880) இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவில் அடிமையாகப் பிறந்தவர். வனிலாப் பூவுக்குக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையைக் கண்டறிந்தவர். 1841 ஆம் ஆண்டு இம்முறையைக் கண்டறிந்தபோது இவருக்கு வயது 12. அதற்கு முன் தன் தாயகத்துக்கு வெளியே வனிலாக் கொடி வளர்ந்தது, பூத்தது, ஆனால் தானாகக் காய்க்கவில்லை. இவருடைய முறை பரவிய பிறகே ரீயூனியன், மடகாசுகர், கொமொரோசு போன்ற தீவுகளில் வனிலா ஒரு வணிகப் பயிராக மாறியது. இன்றும் உலகின் வனிலாத் தோட்டங்களில் பூக்கள் பெரும்பாலும் இம்முறையிலேயே கையால் சேர்க்கப்படுகின்றன. பெருஞ்செல்வம் ஈட்டித் தந்த இக்கண்டுபிடிப்பால் அல்பியசுக்குப் பொருட்பயன் எதுவும் கிடைக்கவில்லை. அவர் வறுமையில் இறந்தார்.

பிறப்பும் இளமையும்

எட்மண்ட் 1829 ஆம் ஆண்டு ரீயூனியன் தீவின் வடகிழக்குக் கரையில் உள்ள சாந்த்-சூசான் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் அத்தீவு போர்போன் தீவு என்று அழைக்கப்பட்டது. பிரெஞ்சுக் குடியேற்ற நாடாக இருந்தது. தாயின் பெயர் மெலிஸ், தந்தையின் பெயர் பாம்ஃபில். இருவரும் அடிமைகள். மெலிஸ் இவரைப் பெற்றெடுக்கும்போதே இறந்துவிட்டார். அடிமைத் தாய்க்குப் பிறந்த குழந்தை தாயின் உரிமையாளருக்கே உடைமை என்பது அன்றைய சட்டம். அச்சட்டப்படி எட்மண்டும் பிறந்த நாளிலிருந்தே அடிமையானார். அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் வழங்கப்படுவதில்லை என்பதால் இவர் எட்மண்ட் என்று மட்டுமே அறியப்பட்டார்.

எட்மண்டின் உரிமை எல்வீர் பெல்லியே-போமோன் என்ற பெண்மணியிடம் இருந்தது. பின்னர் அவர் சிறுவனைத் தம் உடன்பிறந்தவரான ஃபெரியோல் பெல்லியே-போமோனிடம் ஒப்படைத்தார். ஃபெரியோல் சாந்த்-சூசானில் பெல்-வூ என்னும் தோட்டத்தை வைத்திருந்தவர். தாவரவியலில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். சிறுவனைத் தம்முடன் தோட்டம் முழுவதும் அழைத்துச் சென்றார். செடிகளின் பெயர்களையும் பூவின் உறுப்புகளையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவன் பல தாவரங்களின் அறிவியற் பெயர்களையும் வாய்மொழியாகக் கற்றுக்கொண்டான். எனினும் எழுதவோ படிக்கவோ அவனுக்குக் கற்றுத் தரப்படவில்லை.

இக்காலத்தில் எட்மண்ட் கற்றுக்கொண்ட ஒரு செயல் பின்னர் மிகவும் பயன்பட்டது. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றும் பூசணிக் குடும்பக் கொடி ஒன்றில், ஆண் பூவின் மகரந்தத்தை எடுத்துப் பெண் பூவின் சூல்முடியில் தடவிக் காய்க்கச் செய்யும் முறையை ஃபெரியோல் அவருக்குக் காட்டினார். பூவில் எது ஆண் உறுப்பு, எது பெண் உறுப்பு, இரண்டும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பவற்றை எட்மண்ட் இவ்வாறு செயல்முறையில் அறிந்தார்.

தீவுக்கு வந்த வனிலா

வனிலா ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த படர்கொடி ஆகும். இதன் தாயகம் மெக்சிக்கோவும் நடு அமெரிக்காவும். மெக்சிக்கோ வளைகுடாக் கரையில் வாழ்ந்த டோட்டோனாக் மக்கள் இதனைப் பயன்படுத்தி வந்தனர். அவர்களிடமிருந்து அசுட்டெக்குகளும், 16 ஆம் நூற்றாண்டில் எசுப்பானியர்களும் இதனை அறிந்தனர். ஐரோப்பாவில் வனிலாவுக்குப் பெரும் விலை இருந்தது. ஆயினும் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உலகச் சந்தைக்கு வந்த வனிலாவில் ஏறக்குறைய முழுவதையும் மெக்சிக்கோவே அளித்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இந்நிலையை மாற்ற விரும்பினர். போர்போன் தீவின் காப்பித் தோட்டங்கள் 1806, 1807 ஆம் ஆண்டுகளின் புயல்களால் பெரிதும் அழிந்திருந்தன. கரும்பு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றாலும் விலை உயர்ந்த புதிய பயிர்கள் தேடப்பட்டன. 1819 ஆம் ஆண்டில் முதன்முறையாக வனிலாக் கொடிகள் தீவுக்குக் கொண்டுவரப்பட்டன. 1822 ஆம் ஆண்டில் பாரிசின் தாவரத் தோட்டத்திலிருந்து மேலும் தண்டுகள் வந்தன. வெப்பமும் ஈரமும் நிறைந்த தீவில் கொடிகள் செழித்து வளர்ந்தன, பூக்கவும் செய்தன. ஆனால் காய் பிடிக்கவில்லை. பல தோட்டக்காரர்கள் நம்பிக்கை இழந்து கைவிட்டனர். பெல்-வூ தோட்டத்தில் நடப்பட்ட கொடிகளில் ஒன்று மட்டுமே எஞ்சியிருந்தது. அது ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் காய்க்காமலே நின்றது.

வனிலாப் பூ காய்க்காததன் காரணம்

ஒரு பூ காயாக வேண்டுமெனில் மகரந்தத்தூள் சூல்முடியை அடைய வேண்டும். மகரந்தத்திலிருந்து வளரும் குழாய் சூலகத்துக்குள் சென்று சூல்களைக் கருவுறச் செய்த பின்னரே சூலகம் காயாக வளரும். மகரந்தத்தைக் கொண்டு சேர்க்கும் பணியைக் காற்று, நீர், பூச்சிகள், பறவைகள், வௌவால்கள் முதலியன செய்கின்றன. பூவின் நிறம், மணம், தேன் ஆகியவை பூச்சிகளை ஈர்த்து மகரந்தச் சேர்க்கை நிகழச் செய்வதற்கான அமைப்புகள் என்பதை செருமானிய அறிஞர் கிறித்தியான் கொன்ராட் சுப்ரெங்கெல் 1793 ஆம் ஆண்டில் விரிவாக விளக்கினார்.

வனிலாப் பூ வெளிறிய பசுமஞ்சள் நிறமுடையது. அதன் ஓர் இதழ் குழல்போல் சுருண்டு நடுவில் உள்ள தூண் போன்ற உறுப்பைச் சுற்றி நிற்கும். ஆர்க்கிட் பூக்களில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒன்றாக இணைந்து இத்தூணாக அமைந்துள்ளன. தூணின் நுனியில் மகரந்தம் ஒட்டும் தன்மையுள்ள திரளாக இருக்கும். அதற்குச் சற்றுக் கீழே சூல்முடி இருக்கும். இரண்டுக்கும் இடையில் நாக்குப் போன்ற மெல்லிய மடல் ஒன்று மறைப்பாகத் தொங்கும். இம்மடலை ரோசுடெல்லம் என்பர். மகரந்தமும் சூல்முடியும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தும் இம்மடல் அவை தாமாகத் தொட்டுக்கொள்ளாமல் தடுக்கிறது.

இத்தடை எத்தகையது என்பது கவனிக்கத்தக்கது. பல தாவரங்களில் ஒரு பூவின் மகரந்தம் அதே பூவின் சூல்முடியில் விழுந்தாலும் வேதியியல் முறையில் நிராகரிக்கப்படுகிறது. மகரந்தக் குழாய் வளராது. வனிலாவில் அவ்வாறு இல்லை. அதன் மகரந்தம் தன் பூவையே கருவுறச் செய்யும் ஆற்றல் உடையது. இடையில் இருப்பது வெறும் உடலமைப்புத் தடையே. அம்மடலை விலக்கிவிட்டால் போதும். எஞ்சியதைச் செடியே செய்துகொள்ளும்.

மெக்சிக்கோவின் காடுகளில் இத்தடையைத் தாண்டி மகரந்தத்தைச் சேர்ப்பவை அங்குள்ள தேனீக்கள். மெலிபோனா எனப்படும் கொடுக்கற்ற தேனீக்களே இப்பணியைச் செய்வதாக நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. ஆர்க்கிட் தேனீக்கள் எனப்படும் பளபளப்பான உடல் கொண்ட தேனீக்களே முதன்மையானவை எனப் பிற்கால ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் தாயகத்திலும் இயற்கையாகக் காய்க்கும் பூக்கள் மிகச் சிலவே. போர்போன் தீவில் இத்தேனீக்கள் இல்லவே இல்லை. மேலும், ஒவ்வொரு பூவும் ஒரு நாள் காலையில் விரிந்து சில மணி நேரத்தில் வாடிவிடும். அதற்குள் சேர்க்கை நிகழாவிட்டால் பூ உதிர்ந்துவிடும்.

ஐரோப்பாவில் நடந்த முயற்சிகள்

வனிலாவைச் செயற்கையாகக் காய்க்கச் செய்த முதல் அறிஞர் பெல்ஜியத்தின் லியேஜ் நகரைச் சேர்ந்த தாவரவியலாளர் சார்ல் மொரென் ஆவார். 1836 ஆம் ஆண்டில் கண்ணாடி இல்லத்தில் வளர்ந்த கொடியின் பூக்களுக்குக் கையால் மகரந்தம் சேர்த்து அவர் காய்களைப் பெற்றார். அதனை அடுத்துப் பாரிசின் தாவரத் தோட்டத்தில் நொய்மான் என்பவரும் இதில் வெற்றி கண்டார். இவை அறிவியல் நோக்கில் முக்கியமான பணிகளாகும். ஆனால் ஆயிரக்கணக்கான பூக்கள் ஒவ்வொரு காலையிலும் விரியும் ஒரு தோட்டத்தில், சாதாரணத் தொழிலாளி விரைந்து செய்யக்கூடிய செயல்முறையாக இவை மாறவில்லை. போர்போன் தீவின் தோட்டங்களுக்கும் இவற்றின் பயன் போய்ச் சேரவில்லை.

1841: எட்மண்டின் கண்டுபிடிப்பு

1841 ஆம் ஆண்டில் ஒரு நாள் ஃபெரியோல் எட்மண்டுடன் தோட்டத்தில் நடந்து செல்கையில், இத்தனை ஆண்டுகளாகக் காய்க்காத வனிலாக் கொடியில் காய் தோன்றியிருப்பதைக் கண்டார். வியப்புற்ற அவரிடம், பூவுக்கு மகரந்தம் சேர்த்தது தானே என்று சிறுவன் கூறினான். ஃபெரியோல் முதலில் அதை நம்பவில்லை. சில நாட்களில் கொடியில் மேலும் ஒரு காயைக் கண்டதும், செய்து காட்டும்படி கேட்டார். எட்மண்ட் அவர் கண்முன்னே ஒரு பூவை எடுத்துச் செய்து காட்டினான்.

அம்முறை பின்வருமாறு அமையும்:

1. காலையில் விரிந்த பூவை இடக்கையில் பிடித்து, குழல் போன்ற இதழை மூங்கில் சிம்பு அல்லது அதுபோன்ற மெல்லிய குச்சியால் கிழித்து உள்ளிருக்கும் தூணை வெளிப்படுத்த வேண்டும்.

2. மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் இடையில் உள்ள மடலைக் குச்சியின் நுனியால் மேல்நோக்கித் தூக்க வேண்டும்.

3. மடல் விலகி நிற்கும்போதே கட்டைவிரலால் மகரந்தத் திரளை மெல்ல அழுத்திச் சூல்முடியில் ஒட்டச் செய்ய வேண்டும்.

4. பிறகு குச்சியை விலக்கிவிட வேண்டும்.

இவை அனைத்தும் சில நொடிகளில் முடிந்துவிடும். பயிற்சி பெற்ற ஒருவர் ஒரே காலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பூக்களைச் சேர்க்க முடியும். பலன் கிடைத்ததா என்பதும் விரைவில் தெரிந்துவிடும். சேர்க்கை நிகழாத பூ ஓரிரு நாளில் உதிரும். நிகழ்ந்த பூ வாடினாலும் சூலகத்தின் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்கும், அதன் கீழே காய் நீளத் தொடங்கும்.

எட்மண்டுக்கு மொரெனின் ஆய்வு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பூசணிக் கொடியில் தாம் கற்ற பாடத்தை, முற்றிலும் வேறான அமைப்புடைய வனிலாப் பூவுக்கு அவர் பொருத்திப் பார்த்தார். பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் வேறு வேறு; மகரந்தத்தைக் கொண்டுபோனால் போதும். வனிலாவிலோ இரண்டும் ஒரே தூணில் மறைந்திருக்கின்றன. உறுப்புகளை அடையாளம் கண்டு, இடையில் உள்ள மடலே தடை என்பதை உணர்ந்து, அதனை அறுத்தெறியாமல் தூக்கி விலக்கும் வழியைக் கண்டதே அவருடைய கண்டுபிடிப்பின் சிறப்பாகும்.

முறை பரவுதல்

ஃபெரியோல் இச்செய்தியை அயல் தோட்டக்காரர்களுக்கு அறிவித்தார். எட்மண்ட் தோட்டம் தோட்டமாக அழைத்துச் செல்லப்பட்டு, அங்கிருந்த அடிமைகளுக்கு இம்முறையைக் கற்றுக் கொடுத்தார். சில ஆண்டுகளில் தீவு முழுவதும் வனிலா பயிரிடப்பட்டது. ரீயூனியனில் இச்செயல் வனிலாவுக்குத் திருமணம் செய்தல் என்று அழைக்கப்படலாயிற்று; பெரும்பாலும் பெண்களே இதில் ஈடுபட்டனர்.

1848 ஆம் ஆண்டில் தீவிலிருந்து பிரான்சுக்கு ஏற்றுமதியான வனிலா ஏறத்தாழ 50 கிலோகிராம் மட்டுமே. இது 1858 இல் 2 டன்னாகவும், 1867 இல் 20 டன்னாகவும், 1898 இல் 200 டன்னாகவும் உயர்ந்தது. வனிலாவின் தாயகமான மெக்சிக்கோவை ரீயூனியன் விஞ்சியது. இத்தீவிலிருந்து சென்ற தோட்டக்காரர்கள் மடகாசுகருக்கும் கொமொரோசுக்கும் பயிரையும் முறையையும் கொண்டு சென்றனர். பின்னர் மடகாசுகரே உலகின் மிகப்பெரிய வனிலா விளைவிப்பு நாடாயிற்று. இத்தீவுகளின் வனிலாவுக்குப் போர்போன் வனிலா என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

காயிலிருந்து மணம்

மகரந்தச் சேர்க்கை முடிந்த பூவின் சூலகம் ஆறு முதல் எட்டு வாரங்களில் முழு நீளம் பெறும். ஆனால் முதிர்வதற்கு ஏறத்தாழ ஒன்பது மாதங்கள் ஆகும். பறித்த பச்சைக் காயில் வனிலாவின் மணம் அநேகமாக இருக்காது. பல மாதங்கள் நீளும் பதப்படுத்தலுக்குப் பின்னரே மணம் தோன்றும். காய்களை வெந்நீரில் முக்கிப் பதப்படுத்தும் முறை 1850 களில் ரீயூனியனிலேயே உருவாக்கப்பட்டது. எட்மண்டின் முறையும் இம்முறையும் சேர்ந்தே தீவின் வனிலாத் தொழிலை நிலைநிறுத்தின.

பதப்படுத்தலின்போது காயில் இரு வகை மாற்றங்கள் நிகழ்கின்றன. பொருளின் தன்மை மாறாமல் அதன் நிலை, வடிவம், அளவு மட்டும் மாறுவது இயற்பியல் மாற்றம் எனப்படும். ஒரு பொருள் வேறொரு பொருளாக மாறுவது வேதியியல் மாற்றம் எனப்படும். வனிலாவில் இரண்டையும் தெளிவாகக் காணலாம்.

வெந்நீரில் முக்குதல்: காய்கள் ஏறத்தாழ 63 முதல் 65 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் சில நிமிடங்கள் முக்கப்படும். காயின் வளர்ச்சி நின்றுவிடும். உயிரணுக்களின் சவ்வுகள் சிதைந்து, அதுவரை தனித்தனி இடங்களில் இருந்த பொருட்கள் ஒன்றோடொன்று கலக்கும்.

வியர்க்க வைத்தல்: சூடான காய்கள் கம்பளியில் சுற்றிப் பெட்டிகளில் வைக்கப்படும். பச்சைக் காயில் வனிலின் என்னும் மணப்பொருள் குளுக்கோசுடன் பிணைந்து மணமற்ற குளுக்கோவனிலினாக இருக்கும். காயில் உள்ள நொதி ஒன்று இப்பிணைப்பை உடைத்து வனிலினையும் குளுக்கோசையும் பிரிக்கும். இது வேதியியல் மாற்றம். காய் பச்சை நிறம் இழந்து பழுப்பாக மாறுவதும் வேதியியல் மாற்றமே. நறுக்கிய வாழைக்காய் கறுப்பது போன்று, காயில் உள்ள சேர்மங்கள் காற்றின் ஆக்சிசனுடன் வினைபுரிவதால் இது நிகழ்கிறது.

உலர்த்துதல்: வெயிலிலும் நிழலிலும் மாறி மாறிக் காய்கள் உலர்த்தப்படும். நீர் ஆவியாகி வெளியேறுவதால் காய் சுருங்கி எடை குறையும். ஒரு கிலோகிராம் பதப்பட்ட வனிலாவுக்கு ஐந்து அல்லது ஆறு கிலோகிராம் பச்சைக் காய் தேவைப்படும். நீர் ஆவியாதல் இயற்பியல் மாற்றம்.

பக்குவப்படுத்துதல்: உலர்ந்த காய்கள் மூடிய பெட்டிகளில் சில மாதங்கள் வைக்கப்படும். மணம் முழுமை பெறுவது இக்காலத்திலேயே. உயர்தரக் காய்களின் மேல் சில நேரங்களில் பனி படர்ந்தது போல் வெண்ணிற ஊசிகள் தோன்றும். இவை காயிலிருந்து வெளிவந்த வனிலின் படிகங்கள். வனிலின் உருவானது வேதியியல் மாற்றம். அது படிகமானது இயற்பியல் மாற்றம்.

வனிலின் 1858 ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலாளர் கோப்லே என்பவரால் பிரித்தெடுக்கப்பட்டது. 1874 ஆம் ஆண்டில் செருமானியர்களான டீமான், ஹார்மான் ஆகியோர் ஊசியிலை மரங்களில் உள்ள பொருளிலிருந்து அதனைச் செயற்கையாக உருவாக்கினர். இன்று உணவுப் பொருட்களில் பயன்படும் வனிலினில் மிகப்பெரும் பங்கு செயற்கையானதே. எனினும் இயற்கை வனிலாவில் வனிலினுடன் வேறு பல மணப்பொருட்களும் கலந்திருப்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

விடுதலையும் சிறைவாசமும்

1848 ஆம் ஆண்டு பிரான்சு தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. ரீயூனியனில் டிசம்பர் 20, 1848 அன்று ஆணையர் சார்தா கரிகா இதனை நடைமுறைப்படுத்தினார். தீவின் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டவர்களான ஏறத்தாழ 60,000 பேர் விடுதலை பெற்றனர். விடுதலை பெற்றவர்களைப் பதிவு செய்தபோது ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் இடப்பட்டது. எட்மண்டுக்கு அல்பியஸ் என்ற பெயர் கிடைத்தது. இது வெண்மை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வனிலாப் பூவின் வெளிறிய நிறத்தை நினைத்து இடப்பட்டது என்றும், கறுப்பின இளைஞர் ஒருவரை எள்ளுவதற்காக இடப்பட்டது என்றும் இதற்கு இருவேறு விளக்கங்கள் கூறப்படுகின்றன.

விடுதலை பெற்றவர்களுக்கு நிலமோ பொருளோ வழங்கப்படவில்லை. அடிமைகளை இழந்த தோட்ட உரிமையாளர்களுக்கு அரசு இழப்பீடு வழங்கியது. தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் கொண்டுவரப்பட்டனர். ரீயூனியனில் இன்று வாழும் தமிழ் வம்சாவளியினரில் பலர் இவ்வாறு சென்றவர்களின் வழித்தோன்றல்களே.

எட்மண்ட் பெல்-வூவை விட்டுத் தலைநகரான சான்-தெனிக்குச் சென்றார். அங்கு ஒரு வீட்டில் சமையலறைப் பணியாளராக இருந்தார். நகை திருடியதாக அவர் மீது குற்றம் சுமத்தப்பட்டது. 1852 ஆம் ஆண்டில் அவருக்குக் கடுஞ்சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவருக்காகப் பரிந்து பேசியவர்களில் சாந்த்-சூசானின் நீதிபதி மெஸியேர் லெபெர்வான்சும் ஒருவர். தீவுக்கு ஒரு புதிய தொழிலையே தந்தவருக்கு அரசு கருணை காட்ட வேண்டும் என்று அவர் ஆளுநருக்கு முறையிட்டார். ஃபெரியோலும் தம்மால் வளர்க்கப்பட்டவரைக் கைவிடவில்லை. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் சிறையில் கழித்த பின் 1855 இல் எட்மண்ட் விடுவிக்கப்பட்டார். அவருடைய கண்டுபிடிப்புக்காக அரசு அவருக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்ற வேண்டுகோள் நிறைவேறவில்லை.

கண்டுபிடிப்பு யாருடையது என்ற சர்ச்சை

வனிலாத் தொழில் செழித்த பின்னர் அதன் பெருமைக்கு வேறு சிலரும் உரிமை கோரினர். அவர்களுள் முதன்மையானவர் சான்-தெனி தாவரத் தோட்டத்தின் பொறுப்பாளராக இருந்த ழான் மிசெல் குளோட் ரிசார். பாரிசில் தாம் கண்ட முறையை 1838 ஆம் ஆண்டிலேயே தீவின் தோட்டக்காரர்களுக்குச் செய்து காட்டியதாகவும், அங்கிருந்த எட்மண்ட் அதனைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கக்கூடும் என்றும் அவர் கூறினார். எழுத்தறிவற்ற அடிமைச் சிறுவன் ஒருவன் அறிஞர்களுக்கு எட்டாததைக் கண்டுபிடித்தான் என்பதைப் பலரால் ஏற்க இயலவில்லை.

இக்கூற்றை மறுத்தவர் ஃபெரியோல். 1860 களின் தொடக்கத்தில் தீவின் வரலாற்றைத் தொகுத்துக்கொண்டிருந்த வோல்சி ஃபொகாருக்கு எழுதிய கடிதங்களில் அவர் நடந்தவற்றை விளக்கினார். ரிசார் தம் நெடுநாள் நண்பர் என்பதைக் குறிப்பிட்ட அவர், நண்பரின் நினைவு பிழைபட்டிருக்க வேண்டும் என்றார். 1838 இலேயே இம்முறை தோட்டக்காரர்களுக்குத் தெரிந்திருந்தால், 1841 க்குப் பின் அவர்கள் எட்மண்டை வரவழைத்துக் கற்றுக்கொண்டது ஏன் என்பது அவருடைய வினா. எட்மண்டுக்கு எவரும் கற்பிக்கவில்லை என்றும், தாமே கண்டறிந்தார் என்றும் அவர் உறுதிபடக் கூறினார்.

இச்சான்றின் வலிமை கவனிக்கத்தக்கது. தோட்டத்தின் உரிமையாளரும் தாவரவியல் அறிந்தவருமான ஃபெரியோல் கண்டுபிடிப்பைத் தமதென்று கூறியிருந்தால் எவரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவ்வாறு கூறாமல், அதனைத் தம் அடிமையாக இருந்தவருக்கே உரியதாக்கினார். ஆயினும் அவர் எட்மண்டை 1848 வரை அடிமையாகவே வைத்திருந்தார் என்பதும் மறுக்க முடியாத உண்மை. எட்மண்ட் எழுதியதாக எதுவும் கிடைக்கவில்லை. அவருடைய வாழ்க்கை பிறருடைய கடிதங்கள், பதிவேடுகள் ஆகியவற்றின் வழியாகவே அறியப்படுகிறது.

இறுதிக்காலம்

சிறையிலிருந்து திரும்பிய எட்மண்ட் சாந்த்-சூசானிலேயே வாழ்ந்தார், திருமணமும் செய்துகொண்டார். அவருடைய பெயர் தீவில் அறியப்பட்டிருந்தது. 1863 அளவில் ஓவியர் அந்துவான் ரூசென் வெளியிட்ட ரீயூனியன் படத் தொகுப்பில், வனிலாக் கொடியைக் கையில் ஏந்திய அவருடைய உருவப்படம் இடம்பெற்றது. ஆனால் இப்புகழ் அவருடைய வாழ்க்கை நிலையை மாற்றவில்லை. ஆகஸ்ட் 9, 1880 அன்று சாந்த்-சூசானின் பொது மருத்துவமனையில் அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது 51. தீவைச் செல்வச் செழிப்பாக்கியவர் ஏழ்மையில் மடிந்ததை அம்மாதமே உள்ளூர்ச் செய்தித்தாள் ஒன்று சுட்டிக்காட்டியது. அவர் இறந்த ஆண்டில் தீவின் வனிலாத் தொழில் வளர்ச்சியின் நடுவில் இருந்தது.

பிற்கால மதிப்பீடு

இன்று எட்மண்ட் அல்பியஸ் ரீயூனியனின் வரலாற்றில் முக்கியமான ஆளுமையாகப் போற்றப்படுகிறார். சாந்த்-சூசானில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டுள்ளது. தீவில் தெருக்களும் கல்வி நிலையங்களும் அவருடைய பெயரைத் தாங்கியுள்ளன. கையால் மகரந்தம் சேர்க்கும் செயலை எட்மண்டின் கைவினை என்று குறிப்பிடும் வழக்கமும் உண்டு.

அவர் கண்டறிந்த முறை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளை நெருங்கியும் மாறவில்லை. பூவை உணர்ந்து, மடலை விலக்கி, மகரந்தத்தை அழுத்தும் பணியைச் செய்யும் இயந்திரம் தோட்டங்களில் புழக்கத்துக்கு வரவில்லை. குங்குமப்பூவுக்கு அடுத்தபடியாக விலை உயர்ந்த நறுமணப் பொருளாக வனிலா கருதப்படுவதற்கு, ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மனிதக் கை தேவைப்படுவதும் ஒரு காரணமாகும். மடகாசுகர், இந்தோனேசியா, உகாண்டா முதலிய நாடுகளிலும், கேரளம், கருநாடகம், தமிழ்நாட்டு மலைப்பகுதிகள் ஆகியவற்றில் வனிலா பயிரிடும் தோட்டங்களிலும், பூக்கும் பருவத்தில் தொழிலாளர்கள் காலை வேளையில் கொடி கொடியாகச் சென்று குச்சியாலும் கட்டைவிரலாலும் செய்வது, 1841 இல் பெல்-வூ தோட்டத்தில் 12 வயது எட்மண்ட் செய்து காட்டிய அதே செயலாகும்.